குறுக்குவிசை மோதல் (ஈமேக்ஸ்)

குறுக்குவிசை மோதல் என்பது ஒரே விசைச்சேர்க்கை இரண்டு கட்டளைகளுக்கு ஒதுக்கப்பட்டிருக்கும் நிலை. 1985இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வெளியிட்ட குனு ஈமேக்ஸ் உரைதிருத்தியில் ஏறக்குறைய எல்லா விசைகளையும் பயனர் மாற்றிக்கொள்ளலாம். அதனால் இம்மோதல் அங்கே அடிக்கடி எழுகிறது.

முன்னுரிமை: அழுத்திய விசையை ஈமேக்ஸ் பல விசைப்பட்டியல்களில் வரிசையாகத் தேடுகிறது. பொதுவாக முதலில் துணை மோடுகளின் (கூடுதல் வசதிகளைச் சேர்ப்பவை) பட்டியல்கள், அடுத்து கோப்பின் முதன்மை மோடின் (கோப்பு வகைக்கேற்ற திருத்தமுறை) பட்டியல், கடைசியில் பொதுப்பட்டியல். முதலில் கிடைக்கும் கட்டளையே இயங்கும்.

எடுத்துக்காட்டு: கன்ட்ரோல்-காற்புள்ளியைப் பொதுப்பட்டியலில் வேறு வேலைக்கு அமைத்தவர், குறிப்புகளுக்கும் நிகழ்ச்சிநிரலுக்குமான முதன்மை மோடான ஆர்க் மோடில் ஒரு கோப்பைத் திறந்தால், அதே விசை நிகழ்ச்சிநிரல் கோப்புகளுக்கிடையே தாவும். பயனரின் அமைப்பு அழிந்துவிடவில்லை. ஆர்க் மோடின் ஒதுக்கீடு அதை மறைத்திருக்கிறது.

கண்டறிதல்: கன்ட்ரோல்-ஹெச், கே அழுத்தி, சிக்கலான விசையையும் அழுத்தினால் அது எந்தக் கட்டளையை இயக்குகிறது என்று தெரியும். கன்ட்ரோல்-ஹெச், பி அப்போது செயலில் உள்ள எல்லா ஒதுக்கீடுகளையும் பட்டியலிடும்.

தீர்வு: ஆர்க் மோடின் பட்டியலில் அந்த விசையை nil (ஒதுக்கீடு இல்லை) என்று அமைத்தால் தேடல் பொதுப்பட்டியல்வரை செல்லும். எல்லா இடங்களிலும் வேண்டிய விசைகளைச் சொந்தத் துணை மோடு ஒன்றில் வைப்பது இன்னொரு வழி. மோதலே வராமல் தடுக்க, ஈமேக்ஸ் மரபு கன்ட்ரோல்-சியும் ஓர் ஆங்கில எழுத்தும் சேர்ந்த விசைகளையும், எஃப்5 முதல் எஃப்9 வரையுள்ள தனி விசைகளையும் பயனருக்கே விட்டுவைத்திருக்கிறது. புதிய குறுக்குவிசைகளை இங்கே அமைப்பதே பாதுகாப்பு.