அம்பத்தூர் எஸ்டேட்டும் வரிச் சுவரும்

சென்னையின் மேற்குப் புறநகரில் இயந்திரத் தொழில் வளர்ந்தது உயர்ந்த இறக்குமதி வரியின் பாதுகாப்பில்தான். 1949இல் முருகப்பா குழுமம், இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸுடன் சேர்ந்து அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. 1960களின் தொடக்கத்தில் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா ஆகியவை பிரிட்டிஷ் கூட்டாளிகளோடு எழுந்தன. ஆவடியில் விஜயந்தா டாங்கி ஆலை உருவானது. இந்த ஆலைகளை ஒட்டி 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை பிறந்தது.

பேட்டையின் பிழைப்பு ஜாப் ஒர்க். பெரிய ஆலை வரைபடம் கொடுக்கும். லேத்தும் டிரில்லிங் மெஷினும் வைத்த பட்டறை புஷ்ஷையோ பின்னையோ கடைந்து கொடுக்கும். வெளிநாட்டுச் சரக்கு எளிதில் வராத அந்தக் காலத்தில் பட்டறைக்காரருக்குப் போட்டி அடுத்த தெருவில்தான் இருந்தது.

1991இன் பொருளாதாரத் தாராளமயமாக்கலுக்குப் பிறகு நிலைமை மாறியது. முதல் மாற்றம் நஷ்டமாக வரவில்லை என்பது பலர் மறந்துவிட்ட செய்தி. பாடியில் தொடங்கிய சுந்தரம் பாஸ்னர்ஸ், பிரிட்டனில் ஜெனரல் மோட்டார்ஸ் கைவிட்ட ரேடியேட்டர் மூடி இயந்திரங்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து, அந்த நிறுவனத்துக்கே மூடிகளை ஏற்றுமதி செய்தது. 1998இல் பூந்தமல்லிக்கு அப்பால் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிக்கத் தொடங்கியபோது, கொரிய உதிரிபாக நிறுவனங்களும் கூடவே வந்து இறங்கின.

அதன் பின்னர் வரிச் சுவர் நாடு நாடாகக் குறைந்தது. 2004 செப்டம்பரில் தாய்லாந்துடன் 82 பொருள்களுக்குச் சலுகை. கியர்பாக்ஸும் அதில் அடக்கம். தென் கொரியாவுடனும் தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானுடனும் செய்த ஒப்பந்தங்கள் 2010 ஜனவரி 1 என்ற ஒரே நாளில் நடைமுறைக்கு வந்தன. 2011 ஆகஸ்டில் ஜப்பான் சேர்ந்தது. வரிச் சலுகையின் பலன் நேராகப் போய்ச் சேர்ந்தது மொத்தமாக இறக்குமதி செய்யும் பெரிய ஆலைகளுக்கு. சிறு பட்டறைக்கு அது வந்த வடிவம் வேறு: இறக்குமதி விலையைக் காட்டி, கொள்முதல் பிரிவு நடத்தும் பேரம்.

சலுகைக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஆசியான் ஒப்பந்தப்படி பொருளின் மதிப்பில் குறைந்தது 35 சதவீதம் ஒப்பந்த நாடுகளுக்குள் உருவாகியிருக்க வேண்டும். சீனச் சரக்கு மூன்றாம் நாட்டு முத்திரையோடு நுழைகிறது என்ற புகார் ஓயவில்லை. சீனாவும் இடம்பெற்ற ஆர்செப் என்ற பிராந்திய வர்த்தக ஒப்பந்தப் பேச்சிலிருந்து 2019 நவம்பர் 4 அன்று பாங்காக்கில் இந்தியா விலகியது. 2020 செப்டம்பர் முதல், சரக்கு எங்கே, எப்படி உருவானது என்பதற்கான ஆதாரத்தை இறக்குமதியாளரே வைத்திருக்க வேண்டும் எனச் சுங்க விதி இறுகியது.