டார்வின் வீட்டுக் கலியாணம்

பெரிய மனிதர்களின் சரித்திரத்தை எழுதுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கதாநாயகர் பிறந்தது, படித்தது, கப்பல் ஏறியது, புத்தகம் போட்டது எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக விஸ்தரிப்பார்கள். கலியாணத்தை மட்டும், "இன்ன வருஷத்தில் இன்னாரை மணந்து கொண்டார்" என்று ஒரே வரியில் முடித்து விடுவார்கள். நாவல் எழுதுகிறவனுக்கு இது பெரிய ஏமாற்றம். அவனுக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு வரிக்குள்ளே அல்லவா இருக்கிறது?

சார்லஸ் டார்வின் விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம் உண்டு. அவருக்கும் எம்மா வெட்ஜ்வுட்டுக்கும் கலியாணம் நிச்சயமானது 1838 நவம்பர் 11. கலியாணம் நடந்தது 1839 ஜனவரி 29. இடையில் எழுபத்தொன்பது நாட்கள். பெரும்பாலும் மாப்பிள்ளை லண்டனிலும் மணப்பெண் கிராமத்திலும் இருந்தபடியால் கடிதம் எழுதிக் கொள்ள நேர்ந்தது. அந்தக் கடிதங்களில் பல இன்றும் பத்திரமாக இருக்கின்றன. மனிதனுக்கும் குரங்குக்கும் பொதுவான மூதாதை உண்டு என்று சொல்லி உலகத்தையே கலக்கிய மனிதர், ஜன்னல் திரையின் நிறத்தைப் பற்றி விசாரப்பட்டுக் கொண்டிருந்ததை அவற்றில் பார்க்கலாம்.

முதலில் உறவு முறையைச் சொல்லி விடுகிறேன். நம்மவர்களுக்கு அதுதானே முதல் கேள்வி? டார்வினுடைய தாயார் சூஸன்னா. அவருடைய சகோதரர் ஜோஸையா வெட்ஜ்வுட், பெயர் பெற்ற பீங்கான் தொழிற்சாலைக் குடும்பத்தவர். அவருடைய கடைசிப் பெண் எம்மா. அதாவது, சாட்சாத் அம்மான் மகள்! அது மட்டுமல்ல. டார்வினுடைய அக்காள் காரலைன், எம்மாவின் அண்ணனை 1837-லேயே மணந்திருந்தாள். பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம். தஞ்சாவூர் ஜில்லாவில் நடந்திருந்தால் ஒருவரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். பெண் மாப்பிள்ளையைவிட ஒன்பது மாதம் மூத்தவள் என்று மட்டும் பாட்டிமார்கள் முணுமுணுத்திருப்பார்கள்.

எட்டு வயதில் தாயை இழந்த சார்லஸுக்கு மாமா வீடு சொர்க்கமாக இருந்தது. ஷ்ரூஸ்பரியில் அப்பா டாக்டர் ராபர்ட் டார்வின் இருக்கிற வீட்டில் எல்லாரும் அடக்க ஒடுக்கமாக இருக்க வேண்டும். மேர் என்ற கிராமத்தில் மாமா வீட்டிலோ ஏரி உண்டு, தோட்டம் உண்டு, இலையுதிர் காலத்தில் வேட்டை உண்டு, சாயங்காலத்தில் பாட்டும் பேச்சும் உண்டு. விடுமுறை என்றால் பிள்ளை அங்கேதான். 1831-ல் 'பீகிள்' கப்பலில் உலகம் சுற்றி வர அழைப்பு வந்தபோது அப்பா எட்டு ஆட்சேபங்கள் சொன்னார். எட்டுக்கும் ஒவ்வொன்றாகப் பதில் எழுதி, வண்டி கட்டிக் கொண்டு நேரிலும் போய், மைத்துனரின் மனத்தை மாற்றியவர் மாமா ஜோஸையாதான். அந்த மாமா இல்லாவிட்டால் அந்தப் பிரயாணம் இல்லை. பிரயாணம் இல்லாவிட்டால் டார்வின் ஏதாவது ஒரு கிராமத்தில் பாதிரியாராக வண்டு பிடித்துக் கொண்டு இருந்திருப்பார்.

ஐந்து வருஷம் கழித்து 1836-ல் திரும்பி வந்தார். வந்ததும் அவர் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். வீட்டில் ஒரு நாய் இருந்தது. அந்நியர்களைக் கண்டால் கடிக்க வரும் நாய். டார்வின் அதன் இருப்பிடத்துக்குப் போய்ப் பழையபடி கூப்பிட்டார். அது பிரமாதமாகத் துள்ளிக் குதிக்கவில்லை. அரை மணி நேரத்துக்கு முன்புதான் பிரிந்தாற்போல் எழுந்து, பின்னாலேயே உலாவக் கிளம்பி விட்டது! ஐந்து வருஷமும் இரண்டு நாட்களும் ஆன பிறகு நாய்க்கு இருந்த ஞாபக சக்திக்குச் சான்றாக, 1871-ல் அச்சான தம் புத்தகத்தில் இதை அவர் எழுதியிருக்கிறார்.

இந்த நாயை ஞாபகம் வைத்துக் கொண்டுதான் அடுத்த விஷயத்தைப் படிக்க வேண்டும். 1838-ம் வருஷம் கோடைகாலத்தில், வயது இருபத்தொன்பது ஆனபோது, டார்வின் ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து நடுவில் பிரித்து, ஒரு பக்கம் 'கலியாணம்' என்றும் மறு பக்கம் 'கலியாணம் வேண்டாம்' என்றும் தலைப்பிட்டுக் கணக்கெழுத உட்கார்ந்தார். கலியாணம் செய்து கொண்டால் குழந்தைகள் உண்டு, வயோதிகத்தில் துணை உண்டு, வீட்டைப் பார்த்துக் கொள்ள ஆள் உண்டு, சங்கீதம் உண்டு. கூடவே ஒரு வாசகம்: கொஞ்சி விளையாட ஒரு ஜீவன் இருக்கும், எப்படியும் ஒரு நாயைவிட மேல்! எதிர்ப்பக்கத்தில்: நினைத்த இடத்துக்குப் போக முடியாது, உறவினர் வீடுகளுக்குக் கட்டாயமாகப் போக வேண்டும், மாலையில் படிக்க முடியாது, புத்தகம் வாங்கப் பணம் குறையும், உடம்பு பெருக்கும், பொழுது வீணாகும். கடைசியில், கணிதத் தேற்றத்தை நிரூபித்து முடிக்கிற பாணியில், கலியாணம் என்று மூன்று தடவை எழுதித் தீர்ப்பளித்து விட்டார்.

இந்தச் சீட்டைப் படித்த பெண்மணிகள் பலருக்குக் கோபம் வந்திருக்கிறது. நியாயந்தான். ஆனால் டார்வின் வாயிலிருந்து வரும்போது, நாயோடு ஒப்பிடுவது அவ்வளவு மட்டமான மதிப்பல்ல என்பது என் அபிப்பிராயம். வேடிக்கை என்னவென்றால், சீட்டில் எந்தப் பெண்ணின் பெயரும் இல்லை. மணம் செய்து கொள்வது என்ற முடிவு முதலில். யாரை என்பது அப்புறம். இதிலும் அவர் நம் ஊர்ப் பிள்ளை மாதிரிதான்.

அந்த ஜூலை மாதம் மேருக்குப் போனார். நூல் நிலையத்தில் கணப்பின் அருகே உட்கார்ந்து அம்மான் மகளோடு நெடுநேரம் பேசினார். கேட்க வந்ததை மட்டும் கேட்காமலே லண்டன் திரும்பினார்! செப்டம்பர் 28-ம் தேதி, ஜனத்தொகையைப் பற்றி மால்தஸ் எழுதிய நூலைப் படிக்கும்போது, உயிரினங்கள் எப்படி மாறுகின்றன என்பதற்கு அவர் தேடிக் கொண்டிருந்த விடை பளிச்சென்று தென்பட்டது. உலகத்தின் அஸ்திவாரத்தையே அசைக்கப் போகும் எண்ணமும் கலியாண எண்ணமும் ஒரே மண்டைக்குள் ஒரே பருவத்தில் குடியிருந்தன. இரண்டும் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க முடியுமா?

மோதப் போகிறது என்பது அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. டாக்டர் ராபர்ட் டார்வினும் மத நம்பிக்கை இல்லாதவர். அனுபவஸ்தர். அவர் மகனைக் கூப்பிட்டு, "உன் சந்தேகங்களை மனைவியிடம் ஜாக்கிரதையாக மறைத்துக் கொள்" என்ற கருத்தில் புத்தி சொன்னார். எல்லாம் சரியாக இருக்கிறவரையில் தொந்தரவில்லை. யாருக்காவது உடம்புக்கு வந்து விட்டால், புருஷனுடைய ஆத்மா கடைத்தேறுமோ என்று மனைவி ஏங்க ஆரம்பித்து, அவனையும் சேர்த்து வாட்டுவாள் என்பது அவர் கண்ட அனுபவம். எம்மாவோ ஆழ்ந்த பக்தியுள்ளவள். அவளோடு இணைபிரியாமல் வளர்ந்த அக்காள் ஃபேன்னி 1832-ல் திடீரென்று இறந்து போனாள். மறு உலகில் அவளை மீண்டும் பார்ப்போம் என்ற நம்பிக்கைதான் எம்மாவுக்குப் பற்றுக்கோடு. அதை அசைக்கிற மனிதனோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது?

கலியாணச் சந்தையில் எத்தனையோ விஷயங்களை மறைக்கிறார்கள். கடனை மறைக்கிறார்கள், வியாதியை மறைக்கிறார்கள், வயதை மறைக்கிறார்கள். மனத்துக்குள் இருக்கும் சந்தேகத்தை மறைப்பது எவ்வளவு சுலபம்! ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போய் வந்தால் போதும். டார்வின் மறைக்கவில்லை. அப்பாவின் புத்திமதியைத் தள்ளி, எம்மாவிடம் சொல்லி விட்டார்.

நவம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை, மேரில் வைத்துக் கேட்டார். எம்மா சம்மதித்தாள். அதற்குப் பிறகு நடந்ததை எந்த நாவலாசிரியனும் எழுதத் துணிய மாட்டான். மாப்பிள்ளைக்குத் தலைவலி. பெண்ணோ, வழக்கம்போல் கிராமத்துக் குழந்தைகளுக்கு ஞாயிறு பாடம் நடத்தப் போனாள். மூளை ஸ்தம்பித்து விட்டதென்று கண்டு பாதியில் திரும்பி வந்தாள். இருவர் முகமும் வாடிக் கிடந்ததாம். மாமாவுக்கு மட்டும் ஆனந்தம் தாங்கவில்லை. மகளுக்கு 5,000 பவுனும் வருஷத்துக்கு 400 பவுனும் கொடுப்பதாக ஏற்பாடு செய்தார். பிள்ளையைப் பெற்ற டாக்டர் தம் பங்குக்கு 10,000 பவுன் கொடுத்தார். பெண் வீட்டாரைவிட இரண்டு மடங்கு கைமுதல் போட்ட சம்பந்தியை நம் பக்கத்தில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

பிறகு வீடு தேடும் படலம். டிசம்பரில் எம்மா லண்டனுக்கு வந்து அண்ணன் வீட்டில் தங்கினாள். இருவருமாகத் தெருத்தெருவாக அலைந்தார்கள். கடைசியில் அப்பர் கவர் வீதியில் 12-ம் எண் வீடு அகப்பட்டது. ஜன்னல்களில் மஞ்சள் திரை, சுவர்களில் நீலம், நாற்காலிகளோ வர்ணிக்க முடியாதவை. பஞ்சவர்ணக் கிளியைப் போல் இருந்ததால் அதற்கு 'மக்காவ் காட்டேஜ்' என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். தோட்டத்தில் ஒரு செத்த நாய் கிடந்தது. அதை அப்புறப்படுத்த வேண்டியதும் கலியாண ஏற்பாடுகளில் ஒன்றாகச் சேர்ந்தது. டிசம்பர் 31-ம் தேதி டார்வின் கல்லும் எலும்புமாகத் தம் சேகரங்களை இரண்டு பெரிய வண்டிகளில் ஏற்றிக் கொண்டு குடி புகுந்தார். அந்த வீடு இப்போது இல்லை. இரண்டாவது உலக யுத்தத்தில் குண்டு விழுந்து அழிந்தது.

இந்தச் சிரிப்புக்கும் சாமான் ஜாபிதாவுக்கும் நடுவே எம்மா நவம்பர் கடைசியில் எழுதிய ஒரு கடிதம் இருக்கிறது. நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது கவலை எதுவும் தோன்றவில்லை, போன பிறகு ஒன்று வந்து உட்கார்ந்து கொண்டது என்கிறாள். மனச்சாட்சியோடு கூடிய சந்தேகம் பாவமாகாது என்று அறிவு சொல்கிறது. ஆனாலும் நம் இருவருக்கும் நடுவில் வேதனையான ஒரு வெற்றிடம் இருக்குமே என்று மனம் அஞ்சுகிறது. ஒளிக்காமல் சொன்னதற்கு நன்றி. எனக்காக ஒன்று செய்யுங்கள். யோவான் எழுதிய சுவிசேஷத்தில், இயேசு தம் சீடர்களிடம் விடைபெற்றுப் பேசும் பகுதியைப் படியுங்கள். இவ்வளவுதான் கடிதம். மிரட்டல் இல்லை, நிபந்தனை இல்லை, "அப்படியானால் கலியாணம் வேண்டாம்" என்ற பேச்சில்லை. அந்த வெற்றிடத்தைக் கண்ணால் பார்த்துக் கொண்டே அவள் திரைத்துணிக்கும் சமையற்காரிக்கும் ஏற்பாடு செய்தாள்.

ஜனவரியில் மாப்பிள்ளை எழுதிய கடிதம் ஒன்றில், தனிமையில் மௌனமாகச் சித்தாந்தம் கட்டுவதைவிடப் பெரிய இன்பம் உண்டு என்று நீ எனக்குக் கற்றுக் கொடுப்பாய் என்ற கருத்து வருகிறது. அதே மாதத்தில் நண்பர் லையல் வந்தபோது, அவருடைய மனைவி பொறுமையே உருவாக உட்கார்ந்திருக்க, அரை மணி நேரம் பூகர்ப்ப சாஸ்திரம் பேசித் தீர்த்ததையும் எழுதியிருக்கிறார். மனைவிமாரை வாட்டுவதற்கு இப்போதே பழகிக் கொள்கிறாராம்!

கலியாணம் மேர் கிராமத்து மாதாகோவிலில் நடந்தது. நடத்தி வைத்த பாதிரியாரும் உறவினர். பெண் கட்டியிருந்தது பச்சை கலந்த சாம்பல் நிறப் பட்டு. வெள்ளை உடையை நாகரிகமாக்கிய விக்டோரியா ராணியின் விவாகம் நடக்க இன்னும் ஒரு வருஷம் இருந்தது. நோயாளியான தாயார் அப்போது தூங்கிக் கொண்டிருந்தார். விடைபெறும் வேதனை மிச்சமாயிற்று என்று எம்மா பிற்பாடு எழுதினாள். அந்தத் தாயாரைக் கவனிக்கும் பொறுப்பு அன்றுமுதல் மூத்த அக்காள் எலிசபெத்தின் தலையில் விழுந்தது. அவள் கடைசிவரை மணம் செய்து கொள்ளவில்லை. விருந்துக்குக்கூடத் தங்காமல் தம்பதிகள் ரயிலேறினார்கள். வண்டியில் ரொட்டி, ஒரு புட்டி தண்ணீர். தேனிலவு கிடையாது.

குடித்தனம் நாற்பத்து மூன்று வருஷம் நடந்தது. பத்துக் குழந்தைகள் பிறந்து மூன்று சிறு வயதிலேயே இறந்தன. அவற்றில் ஆனி என்ற பெண், தகப்பனாரின் கண்மணி, 1851-ல் பத்து வயதில் போனாள். நெருங்கிய உறவில் மணந்ததனால்தான் குழந்தைகள் நலிவுற்றனவோ என்ற பயம் டார்வினை விடவில்லை. 1871-ம் வருஷத்து ஜனக்கணக்கில் உறவு மணத்தைப் பற்றி ஒரு கேள்வி சேர்க்க வேண்டுமென்று பார்லிமெண்ட் நண்பர் மூலம் முயன்றார். சபை மறுத்து விட்டது. அத்தகைய மணத்தில் சில பரம்பரை நோய்களுக்கு வாய்ப்புக் கூடுகிறது என்று இன்றைய வைத்தியர்கள் சொல்வதால், அந்தப் பயத்தைப் பைத்தியக்காரத்தனம் என்று தள்ளுவதற்கில்லை. மாமன் மகளைக் கட்டுகிற நாம் கொஞ்சம் கவனிக்க வேண்டிய விஷயம்.

வெற்றிடம் என்னவாயிற்று? அது அடைபடவே இல்லை. மணமான சில நாட்களில் எம்மா மறுபடியும் ஒரு கடிதம் எழுதிக் கணவரிடம் கொடுத்தாள். அன்பும் அச்சமும் கலந்த கடிதம். டார்வின் அதை ஆயுள் முழுவதும் வைத்திருந்தார். அதன் அடியில், தாம் இறந்த பிறகு அவள் பார்ப்பதற்காக, இதைப் பல தடவை முத்தமிட்டு அழுதிருக்கிறேன் என்று அவர் குறித்து வைத்திருந்தார். 1844-ல் தம் சித்தாந்தத்தைச் சுருக்கி எழுதியபோது, "நான் இறந்தால் 400 பவுன் செலவழித்து இதை வெளியிடு" என்று யாரிடம் ஒப்படைத்தார் என்கிறீர்கள்? அந்தச் சித்தாந்தத்தால் எவள் மனம் நொந்ததோ, அவளிடமேதான்.

1882-ல் டார்வின் காலமானார். அவர் எழுதி வைத்த சுயசரிதை 1887-ல் அச்சுக்குப் போனபோது, மதத்தைப் பற்றிய சில கடுமையான வரிகளை எடுத்துவிட வேண்டும் என்று எம்மா அம்மையார் கேட்டுக் கொண்டார். மகன் எடுத்து விட்டார். அந்த வரிகளைத் திரும்பச் சேர்த்து முழுப் பதிப்பை 1958-ல் கொண்டு வந்தவர், பேத்தி நோரா பார்லோ. புத்தகத்தின் பின்னிணைப்பில் பாட்டியின் அந்தக் கடிதத்தை அவர் சேர்த்தார். நாயைவிட மேல் என்று எழுதிய துண்டுக் காகிதத்தையும் சேர்த்தார்.