கொடுமுடி கோகிலம்

எங்கள் விழுப்புரத்தில் சினிமா பேச்செடுத்தால் இங்கே பிறந்த சிவாஜியில்தான் போய் முடியும். எனக்கோ கே.பி.சுந்தராம்பாள் நினைவுதான் வரும். சிறுவயதில் திண்டிவனம் டென்ட் கொட்டகையில், அத்தையோடு மணலில் உட்கார்ந்து 'ஔவையார்' பார்த்தேன். நிஜக் கிழவி என்றே நம்பினேன். படம் வந்த 1953இல் அவருக்கு வயது 45தான்.

கணவர் எஸ்.ஜி.கிட்டப்பா 1933இல் இறந்தபோது அவருக்கு 25. வெள்ளைச் சேலைக்கு மாறினார். இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். வேறொருவராக இருந்தால் நடிப்பு அத்தோடு முடிந்திருக்கும். இவரோ 1935இல் நந்தனாராக ஆண் வேடமே போட்டார்; சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். பிறகு ஔவைப் பாட்டி. 1958இல் சட்ட மேலவை உறுப்பினரும் ஆனார்.

இளவயதிலேயே தாலியை இழந்த என் அத்தை, அந்தப் படத்தை ஏன் திரும்பத் திரும்பப் பார்த்தாள் என்பது இப்போதுதான் புரிகிறது.