ரயில் கழிப்பறை: துளையிலிருந்து வாக்குவம் வரை

தஞ்சாவூர் - மயிலாடுதுறை ரயில் பாதை காவிரியின் கிளையாறுகளைத் தாண்டி வயல்களுக்கு நடுவே போகிறது. பல பத்தாண்டுகள் ரயில் கழிப்பறை என்றால் ஒரு துளைதான். கீழே தண்டவாளம், பாலம் வந்தால் ஆறு. ரயில் நிற்கும்போது பயன்படுத்தாதீர்கள் என்று எழுதியிருந்தும் யார் கேட்டார்கள்? ஸ்டேஷனில் விழுந்ததை அள்ளியவை மனிதக் கைகள். மலம் அள்ள ஆள் வைப்பதை 1993-ல் ஒரு சட்டமும் 2013-ல் இன்னொரு சட்டமும் தடை செய்தன.

2016 ஜூலையில் ராமேஸ்வரம் - மானாமதுரை இடையே 114 கி.மீ. பாதை, பயோ டாய்லெட் ரயில்கள் மட்டும் ஓடும் நாட்டின் முதல் பசுமைப் பாதையானது. பெட்டிக்கு அடியில் உள்ள தொட்டியில் பாக்டீரியாக்கள் கழிவை நீராகவும் வாயுவாகவும் மாற்றிவிடும்.

அடுத்து வந்தது, கப்பலிலும் விமானத்திலும் இருக்கும் வாக்குவம் டாய்லெட். சென்னை ஐ.சி.எஃப்.பில் தயாராகி 2019-ல் ஓடத் தொடங்கிய வந்தே பாரத்தில் இது உண்டு. பட்டனை அழுத்தினால் வால்வு திறக்கும், குழாய் கழிவை உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீர் மிகக் கொஞ்சம் போதும்.

பழுதானால்? பட்டனை அழுத்தாமலே சீறல் சத்தம் வந்தால் வால்வு ரப்பர் தேய்ந்து காற்று கசிகிறது என்று பார்க்க வேண்டும். ரப்பரை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். உறிஞ்சவே இல்லையென்றால் குழாயில் பாட்டிலோ துணியோ அடைத்திருக்கும். அதை எடுக்க ஒரு ஆள்தான் இறங்க வேண்டும். சட்டமும் இயந்திரமும் விலக்கிய கையை, பாட்டில் போடும் பயணி மறுபடி உள்ளே விட வைக்கிறார்.