பெருநாள் காலைச் சஹனும் உம்மா வழிக் குடியும்

பெருநாள் தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வந்ததும் எங்கள் ஊர் ஆண்களுக்கு இரண்டு வீடுகள் காத்திருக்கும். ஒன்று அவர்கள் வாழும் மனைவியின் வீடு. மற்றையது அவர்கள் பிறந்து வளர்ந்த உம்மாவின் வீடு. உம்மா மௌத்தாகிவிட்டால் அது சகோதரியின் வீடாக இருக்கும். மனைவி வீட்டில் ஒரு வாய் பலகாரம் சாப்பிட்டுவிட்டுச் சகோதரி வீட்டுக்குப் புறப்படும் ஆண்களைப் பெருநாள் காலைகளில் கல்முனைக்குடி, சாய்ந்தமருது வீதிகளில் நிறையவே காணலாம். பல வருடங்களாக நானும் அவர்களுள் ஒருவன்.

சாய்ந்தமருதில் கடற்கரைக்குச் சமீபமாக இருந்தது தங்கச்சியின் வீடு. அவளுக்கு மூன்று ஆண் பிள்ளைகள், ஒரு பெண் பிள்ளை. என் சைக்கிள் மணி கேட்டதுமே ஆண் பிள்ளைகள் மூவரும் கேற்றுக்கு ஓடி வருவார்கள். பெருநாள் காசுக்காகத்தான் அந்த ஓட்டம் என்று தங்கச்சி சிரிப்பாள். முதலில் வட்டிலப்பமும் வாழைப்பழமும் வரும். பத்து மணியளவில் பாய் விரித்து, நெய்ச்சோறும் இறைச்சிக் கறியும் போட்ட சஹனை நடுவில் வைப்பார்கள். காலைச் சாப்பாடு என்றும் சொல்ல முடியாது, பகற் சாப்பாடு என்றும் சொல்ல முடியாது. மச்சான், நான், மருமக்கள் மூவர் என ஐந்து பேரும் ஒரே சஹனில் கை வைப்போம். இறைச்சியைப் பிய்த்துப் பிள்ளைகளின் பக்கம் தள்ளிவிடுவது மாமாவின் வேலை.

ஒரு பெருநாளன்று மூத்த மருமகன், "மாமா, நீங்க உங்கட பிள்ளைகளோட சாப்பிடாம எங்களோட ஏன் சாப்பிடுறீங்க?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. அதற்கான விடை எங்கள் பிரதேசத்தின் வரலாற்றில் இருக்கிறது.

போர்த்துக்கேயர் தமது ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, 1626ஆம் ஆண்டு கண்டி மன்னன் செனரத் அவர்களுள் சுமார் 4,000 பேரைக் கிழக்கில் மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் என வரலாற்று நூல்கள் கூறும். அம்பாறை மாவட்டம் 1961இல்தான் தனியாகப் பிரிக்கப்பட்டது. அதுவரை எங்கள் ஊர்களும் மட்டக்களப்பைச் சேர்ந்தவையே. திமிலருக்கு எதிரான சண்டையில் முக்குவருக்குத் துணை நின்ற முஸ்லிம்கள் முக்குவர் குலத்தில் பெண் எடுத்தார்கள் என்பது வாய்மொழி வழக்கு. அந்தக் கதை எவ்வளவு தூரம் உண்மையாயினும், இங்குள்ள தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் 'குடி' முறையைப் பொதுவாகக் கொண்டிருப்பதை எவரும் மறுக்க முடியாது. பொன்னாச்சி குடி, வரிசைநாச்சி குடி என்று பெண்களின் பெயரைத் தாங்கிய குடிகள் முஸ்லிம்களிடையே உண்டு. ஒரே குடிக்குள் மணம் முடிப்பதில்லை. பள்ளிவாசல் நிருவாகத்திலே குடிக்கொரு மரைக்காயர் என்ற ஒழுங்கும் இதன் வழி வந்ததே. 1969 தொடக்கம் அக்கரைப்பற்றில் கள ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, 2008இல் வெளியான தமது நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

இந்தக் கணக்கின்படி நானும் என் தங்கச்சியும் அவளுடைய பிள்ளைகளும் ஒரு குடி. என் பிள்ளைகள் என் மனைவியின் குடி. சஹனில் எங்களுடன் அமர்ந்திருக்கும் மச்சானோ வேறு குடி! என் பிள்ளைகளுக்கு அந்நேரம் அவர்களுடைய மாமாமார் இறைச்சி பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். மருமகனுக்கு நான் சொன்ன விடையும் இதுதான். அவன் தலையாட்டிவிட்டு, அடுத்த இறைச்சித் துண்டைக் கேட்டான்.

குடி முறையின் அச்சாணி வீடுதான். வீடு பெண்ணுக்குரியது, கலியாணத்தின்போது மகளின் பெயருக்கு எழுதப்படும். மாப்பிள்ளை வந்து குடியேறுவார். இருக்கும் வீட்டை மூத்த மகளுக்குக் கொடுத்துவிட்டு, அடுத்தவளுக்காகப் பெற்றோர் இன்னொரு வீட்டுக்கு அத்திவாரம் போடுவார்கள். இதை நான் புகழ்ந்து பாட வரவில்லை. சீதன வீடு கட்டுவதற்காகவே முதுகொடிந்த வாப்பாமாரையும், சகோதரிகளுக்காகத் தம் கலியாணத்தை ஒத்திப்போட்டு வளைகுடா நாடுகளில் உழைத்த காக்காமாரையும் நான் அறிவேன். எனினும் கணவனுடன் பிணக்கு வந்தால் வெளியேற வேண்டியவன் கணவனே. பெண்ணும் பிள்ளைகளும் தம் கூரையின் கீழ் இருப்பார்கள். அந்தப் பாதுகாப்பு சிறிய விடயமல்ல.

2004 நவம்பரில் வந்த நோன்புப் பெருநாளே அந்த வீட்டில் நாங்கள் சஹன் வைத்த கடைசிப் பெருநாள். டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தது. இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம்; பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருதுக் கரையோரங்கள் மண்மேடாயின. அல்லாஹ்வின் கிருபையால் தங்கச்சி குடும்பம் உயிர் தப்பியது. வீட்டில் எஞ்சியது கிணற்றுக்கட்டு மட்டுமே.

நான்கு வாரங்கள் நிறைவடையும் முன்னரே ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. பாடசாலையொன்றில் அகதிகளாக இருந்தவர்களைத் தேடிப் போனேன். சஹன் இல்லை. யாரோ கொண்டுவந்த சோற்றுப் பார்சல்களை அவிழ்த்து, ஒரு வாழையிலையில் கொட்டி, ஐவரும் சுற்றி அமர்ந்தோம். சின்ன மருமகன் மட்டும், "மாமா, அடுத்த பெருநாளைக்கு எங்கட வீட்டுக்கா வருவீங்க?" என்று கேட்டான். என்னிடம் விடை இருக்கவில்லை.

கிழக்கிலே கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாதென்று அரசு 2005இல் தடை விதித்தது. பின்னர் அது தளர்த்தப்பட்டது. ஒருபுறம் கடல், மறுபுறம் வயல். இடையே நெருக்கியடித்து வாழும் எங்களுக்கு மாற்றுக் காணி எங்கே? ஈற்றில் தங்கச்சி குடும்பத்துக்கும் ஒரு வீடு கிடைத்தது. உறுதியில் இருந்தது மச்சானின் பெயர். படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்ற கட்டம் இருந்ததாம். ஆணின் பெயரைத்தான் எழுதினார்களாம். கடல் கொண்டுபோன வீடு தங்கச்சியுடையது என்பதைக் கேட்க அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை. சுனாமி வீட்டுத் திட்டங்கள் பலவற்றில் இவ்வாறே நடந்ததாக ஆய்வாளர்களும் பின்னர் எழுதினார்கள். நிவாரணம் கொடுத்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. ஆனால் பல தலைமுறையாகப் பெண்ணிடம் இருந்த ஒன்று, ஒரு கையெழுத்தோடு ஆணிடம் போனது.

மச்சான் நல்ல மனிதர். சுனாமியின்போது நான்கு வயதுக் குழந்தையாக இருந்த மகளுக்குக் கலியாணம் பேசியபோது, நொத்தாரிசிடம் சென்று வீட்டை அவள் பெயருக்கு மாற்றி எழுதினார். எல்லா வீடுகளிலும் அப்படி நடந்ததா? இல்லை. தலாக் ஆகிப் பிள்ளைகளோடு 'கணவனின்' வீட்டை விட்டு வெளியேறிய பெண்களைப் பற்றியும் கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் உம்மாமார் காலத்தில் நாம் கேள்விப்படாத செய்தி அது.

மருமக்கள் மூவரும் இன்று மனைவியரின் வீடுகளில் வாழ்கிறார்கள். பெருநாள் காலையில் தொழுகை முடிந்ததும் தங்கச்சியின் மகள் வீட்டுக்கு அவர்களும் வந்துவிடுவார்கள், நானும் போய்விடுவேன். அவளுடைய சின்ன மகனுக்கு இப்போது இறைச்சி பிய்த்துக் கொடுப்பது ஒருகாலத்தில் என்னிடம் கேள்வி கேட்ட மூத்த மருமகன்தான். அவனும் இப்போது மாமா. எனக்கு அந்தச் சஹனில் ஓர் ஓரம் போதும்.