சொல்லாமல் போன கட்டைவிரல்

அப்பா இறந்து ஒரு மாதம் கழித்துத்தான் அவருடைய பிஸ்கட் டின்னைத் திறந்தோம். பிறப்புப் பத்திரம், ஈபிஎஃப் தாள்கள், தண்ணீர்மலைக் கோயில் ரசீது ஒன்று. அடியில் நான்காக மடித்த ஒரு மலாய்க் கடிதம். தேதி 9 நவம்பர் 1998. பிறை தொழிற்பேட்டையில் பிரஸ் மெஷினில் அவர் வலது கையின் இரண்டு விரல்கள் போன கதை வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அதற்கு எவ்வளவு 'போட்டார்கள்' என்பதை நான் அன்றுதான் பார்த்தேன். 20 சதவீதம்.

கடைசிப் பத்தி இப்படிச் சொன்னது: முடிவில் திருப்தியில்லை என்றால் 90 நாள்களுக்குள் 'ரயுவான்' செய்யலாம். அந்தப் பத்திக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு. அப்பா போட்டதாகத்தான் இருக்கும். அப்படியென்றால் அவர் அதைப் படித்திருக்கிறார். படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டார்.

ஏன் என்ற கேள்வி என்னைப் பல மாதம் விடவில்லை. பதில் தேடி நான் அந்த 20 என்ற எண்ணின் பின்னால் போனேன்.

நாம் 'சொக்சோ' என்று சொல்லும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் 1971-இல் செயல்படத் தொடங்கியது. அதன் அடித்தளம் 1969-ஆம் ஆண்டுச் சட்டம். அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையைப் படிப்பது கசாப்புக் கடை விலைப்பலகையைப் படிப்பது மாதிரி இருந்தது. கட்டைவிரல் 30. ஆட்காட்டி விரல் முழுதாகப் போனால் 14. ஒரு கையில் இரண்டு விரல்கள் 20. நான்கு விரல்கள் 50. அப்பாவின் எண் அங்கே அச்சடித்தபடி இருந்தது. மருத்துவர் குழு கண்ணுக்குத் தெரிந்ததை அட்டவணையில் பார்த்து எழுதியிருக்கிறது. அந்த அளவில் தப்பு ஒன்றும் இல்லை.

இந்த மாதிரிப் பட்டியலுக்கு வயது அதிகம். ஜெர்மனியில் பிஸ்மார்க் காலத்து விபத்துக் காப்பீட்டுச் சட்டம் 1884-இல் வந்தது. பிரிட்டனின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1897. இந்தியாவில் 1923. அந்த இந்தியச் சட்டத்தின் முதல் அட்டவணையில் முழங்கைக்கு மேல் வலது கை போனால் 70, இடது கை போனால் 60. இடதுகைப் பழக்கம் உள்ளவன் என்ன செய்வான் என்று அட்டவணை கேட்டுக்கொள்ளவில்லை. மலாயாவில் 1952-இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. அதன்படி காசு கொடுக்க வேண்டியவர் முதலாளி. 1969 சட்டம் அதை மாற்றியது. முதலாளியும் தொழிலாளியும் கட்டும் சந்தாவிலிருந்து ஒரு பொது நிதி, அதிலிருந்து உதவி. பதிலுக்கு ஒன்றை வாங்கிக்கொண்டது. சட்டத்தின் 31-ஆம் பிரிவின்படி, காப்பீடு செய்யப்பட்ட தொழிலாளி அந்த விபத்துக்காக முதலாளி மேல் நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாது.

இது ஒரு பேரம். கோர்ட்டு வாசலில் வருடக்கணக்காக நிற்க வேண்டியதில்லை; யார் தப்பு என்று நிரூபிக்க வேண்டியதும் இல்லை. ஆனால் ஒரு கதவு சாத்தப்பட்டால் மற்றக் கதவின் கனம் கூடிவிடுகிறது. மருத்துவர் குழு, அதற்கு மேல் மேல்முறையீட்டு மருத்துவர் குழு, அதற்கும் மேல் சமூகப் பாதுகாப்பு மேல்முறையீட்டு வாரியம், சட்டப் பிரச்சினை என்றால் உயர் நீதிமன்றம். வழக்குப் போட முடியாதவனுக்கு இருப்பது இந்தப் படிக்கட்டு மட்டும்தான். அப்பா முதல் படியிலேயே நின்றுவிட்டார்.

அவர் ஏறியிருக்க வேண்டுமா? ஆமாம் என்றே நினைக்கிறேன். ஏனென்றால் போனது இரண்டு விரல்கள் மட்டுமல்ல. நசுங்கிய கையில் கட்டைவிரலும் மடங்காமல் போயிருந்தது. அம்மாதான் கடைசிவரை அவருக்குச் சட்டைப் பட்டன் போட்டுவிட்டார். சாப்பாட்டைக் கரண்டியில்தான் எடுப்பார். கட்டைவிரல் கையோடு இருந்ததால் அட்டவணை அதை இழப்பாகப் பார்க்காது. ஆனால் செயலிழப்பையும் மதிப்பிடச் சொல்லி மருத்துவரிடம் கேட்கலாம். 20-ஐத் தாண்டுவது வெறும் எண்ணல்ல. இன்றைய நடைமுறையில் 20 வரை என்றால் மொத்தமாகக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடலாம். அதற்கு மேல் போனால் ஐந்தில் ஒரு பங்கைத்தான் மொத்தமாக வாங்க முடியும். மிச்சம் வாழ்நாள் முழுக்க வந்துகொண்டே இருக்கும்.

அம்மாவிடம் கேட்டேன். "டோக்டருங்க முன்னாடி கட்டைவெரலக் காட்டலையா?"

"காட்டுவாரா ஒங்கப்பா? வேற எங்கயாச்சும் வலி இருக்கான்னு கேட்டாங்களாம். ஓக்கே டோக்டர்னு சொல்லிட்டு வந்துட்டாரு."

இந்த 'ஓக்கே டோக்டர்' எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் வரலாறு அட்டவணையை விட்டு வேறு பக்கம் திரும்புகிறது.

அப்பா செபராங் பிறையின் தெற்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அந்தப் பக்கம் பத்து காவானிலும் நிபோங் தெபாலிலும் 19-ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் அங்கே வந்தார்கள். மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலி எடுப்பது 1910-இல் நின்றது. அதற்குப் பின்னும் கங்காணி மூலம் வந்தவர்கள் நாகப்பட்டினத்திலோ ஆவடியிலோ முகாமில் உடல் சோதனை தாண்டித்தான் கப்பல் ஏறினார்கள். இந்தப் பக்கம் வந்தால் ஜெரஜாக் தீவில் மறுபடியும் தடுப்புக்காவல். பிறகு தினமும் விடியும் முன்னே பெரட்டு. ஆள் நின்றால் பேர் உண்டு, பேர் இருந்தால் கூலி உண்டு. இலங்கை மலையகத்தில் இதற்கு 'அரைப்பேர்' என்றே ஒரு சொல் இருக்கிறது. பாதி நாள் கூலிக்குப் பாதிப் பேர். மனிதனையே பாதியாக எழுதும் கணக்கு.

நூறு வருடங்களுக்கு மேல் இந்த உடல்கள் பரிசோதிக்கப்பட்டுக்கொண்டே இருந்தன. எல்லாச் சோதனையிலும் சரியான விடை ஒன்றுதான்: எனக்கு ஒன்றுமில்லை, நான் நல்லா இருக்கேன். காய்ச்சலோடு பெரட்டில் நின்ற தன் அப்பாவைப் பற்றி என் அப்பா பெருமையாகத்தான் சொல்வார். டிரெஸ்ஸரிடம் போனால் பேர் போயிடும் என்பது அவர் பால்குடியோடு கற்றது.

1969 சட்டம் இந்த விடையைத் தலைகீழாக்கியது. இப்போது உடலைச் சோதிப்பவர், உன்னால் என்ன முடியவில்லை என்று கேட்கிறார். உண்மையைச் சொன்னால் காசு. ஆனால் சட்டம் மாறிய வேகத்தில் வாய் மாறவில்லை. மூன்று தலைமுறை மறைத்துப் பழகிய வலியை ஒரு மருத்துவர் குழுவின் முன்னால் சில நிமிடங்களில் எடுத்து வைக்க என் அப்பாவுக்குத் தெரியவில்லை. குழு பார்த்ததை எழுதியது. அவர் சொல்லாததை யாரும் எழுத முடியாது.

அப்புறமும் 90 நாள் இருந்ததே? அதற்கும் அம்மாவிடம் பதில் இருந்தது. "மனு எழுதித் தர்றேன்னு யூனியன் ஆளு சொன்னாரு. போயி கெஞ்சிக்கிட்டு நிக்கணுமான்னு சொல்லிட்டாரு."

அந்தச் சொல்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. 'ரயு' என்றால் மலாயில் கெஞ்சுவது, நயந்து கேட்பது என்றெல்லாம் பொருள். கடிதத்தில் அப்பா படித்த சொல் அது. தமிழில் நாம் சொல்வது முறையீடு. அதற்குள் முறை இருக்கிறது. முறை என்றால் நீதி. கெஞ்சுபவன் இன்னொருவரின் இரக்கத்தை எதிர்பார்க்கிறான். முறையிடுபவன் கணக்கில் விட்டுப்போனதைச் சொல்கிறான். இரண்டுக்கும் தாளும் கையெழுத்தும் ஒன்றுதான். ஆனால் மாதாமாதம் சந்தா கட்டியவர், வழக்குப் போடும் உரிமையை விட்டுக்கொடுத்தவர், அந்தத் தாளில் எழுத வேண்டியது இரண்டாவதைத்தான்.

நாள்காட்டியை எடுத்து எண்ணிப் பார்த்தேன். 90-ஆவது நாள் 7 பிப்ரவரி 1999, ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தைய வாரம் தைப்பூசம். அந்த வருடம் பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரியில் நாங்கள் எல்லாரும் தண்ணீர்மலைக்குப் போனது நினைவிருக்கிறது. அப்பா இடது கையால் தேங்காய் உடைத்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

இப்போது தாமானில் யாராவது இந்த மாதிரிக் கடிதத்தோடு வந்தால், முதலில் தேதியைப் பார்க்கிறேன். பிறகு ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன செய்ய முடியவில்லை என்று வரிசையாக எழுதச் சொல்கிறேன். சாவி திருப்புவது, சோறு பிசைவது, மோட்டார் ஓட்டுவது. அந்தத் தாளோடு ஆஸ்பத்திரிக்குப் போய் அறிக்கை வாங்குங்கள் என்கிறேன். பலரும் தாளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள். எழுத வராததால் இல்லை.

போன வாரம் அம்மாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அன்னிக்கு அந்த டோக்டரு ஒங்கப்பாவ சட்டப் பட்டனப் போடுங்கன்னு சொல்லியிருந்தா போதும்" என்றார். "வாயத் தொறக்கவே வேணாம்."