சைட்வேஸ் - பதிப்பாளர் கிடைக்காதவனின் பயணம்

சைட்வேஸ் (2004) படத்தை காமெடின்னுதான் சொல்றாங்க. எனக்கென்னவோ சிரிச்சு முடிச்சதும் தொண்டைல ஏதோ அடைச்சுது.

நடுவயசு நண்பர்கள் ரெண்டு பேர். ஜாக்குக்கு ஒரு வாரத்துல கல்யாணம். மைல்ஸ் விவாகரத்தான இங்கிலீஷ் வாத்தியார். எழுதின நாவலைப் போட ஆள் இல்லை. கலிபோர்னியாவின் சாண்டா யெனெஸ் பள்ளத்தாக்குக்கு ஒயின் குடிக்க கார்ல கிளம்பறாங்க. அவ்ளோதான் கதை.

மூலக்கதை எழுதின ரெக்ஸ் பிக்கெட் நிலைமையும் மைல்ஸ் மாதிரிதாங்க. இயக்குனர் அலெக்சாண்டர் பெய்ன் கைக்கு வந்தப்போ அது அச்சேறாத கையெழுத்துப் பிரதி. புத்தகமா வந்ததே படம் வந்த அதே 2004லதான்! அடுத்த வருஷம் தழுவல் திரைக்கதைக்கு ஆஸ்கர், இன்டிபென்டன்ட் ஸ்பிரிட் விருதுகள் ஆறு.

ஆனா படத்துல மைல்ஸுக்கு மட்டும் கடைசிவரை புத்தகம் வரலை. பெய்ன் அதை மாத்தாதது எனக்குப் பிடிச்சுது.

இன்னொரு குசும்பு. மெர்லோ ஒயின்னாலே மைல்ஸுக்கு ஆகாது. ஆனா பத்திரமா பொத்தி வெச்சிருக்கற 1961 செவால் பிளாங்க் இருக்கே, அதுல மெர்லோவும் கலந்திருக்கு! கடைசில அதை ஒரு பர்கர் கடையில, யூஸ் அண்ட் த்ரோ கப்புல ஊத்தி, தனியா உக்காந்து குடிக்கறான் மனுஷன்.